நெருப்போடு தின்ற கேக்

எங்கள் வீட்டில் கல்யாணமான மகன்கள் எத்தனை பேரோ அத்தனை அடுப்புகள். திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் ஏற்பாடு. கூரை ஒன்று, சாமி ஒன்று, உலை மட்டும் வேறு. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆனதும் பெரியவர்கள் நல்ல நாள் பார்த்து, அரிசி, பருப்பு, பாத்திரமெல்லாம் கொடுத்து, அந்தத் தம்பதியை ‘வேறு வைத்து’விடுவார்கள். அதே முற்றத்தின் இன்னொரு மூலையில் இன்னொரு அடுப்பு புகைய ஆரம்பிக்கும். பிற்காலத்தில் அரசாங்க அலுவலகத்தில் அதிகாரப் பகிர்வு குறித்து எத்தனையோ சுற்றறிக்கைகளைப் படித்தேன். எதுவும் இவ்வளவு தெளிவாக இல்லை.

அப்படி வேறு வைக்கப்பட்ட அடுப்புகளில் ஒன்று என் சித்தப்பாவின் மனைவியுடையது. சின்னாத்தா என்று கூப்பிடுவோம். அடுப்பு பற்றவைத்த சூட்டோடு சித்தப்பா பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். கடை வேலையில் ஒரு ‘கணக்கு’ என்பது மூன்று வருஷம். முடித்துவிட்டு வந்து சில மாதம் இருப்பார், மறுபடி மூன்று வருஷம். வீட்டு ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் போய் வந்தார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். சின்னாத்தாவின் அடுப்பில் ஒற்றை ஆளுக்குச் சோறு வெந்தது. மிச்ச நேரமெல்லாம் அது குளிர்ந்து கிடக்கும்.

ஒருமுறை விடுப்பில் வந்தபோது சித்தப்பா மெல்லப் பேச்செடுத்தார். பினாங்கில் கடை ஆட்கள் எல்லோரும் ஒன்றாகத் தங்கும் கிட்டங்கியில் கிடந்து, சமையல்காரன் கொட்டுவதைத் தின்றது போதும், தனியாக வீடு பார்க்கலாம், இவளையும் கூட்டிப் போகலாம் என்று. ஐயா, அதாவது என் அப்பச்சியின் தகப்பனார் (அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம்), வெற்றிலை இடிப்பதை நிறுத்தவில்லை.

“அங்க போயி அவ என்னப்பா செய்வா? அந்த ஊரு அடுப்புத் தெரியுமா, அந்த ஊரு பலகாரந்தான் தெரியுமா?”

இன்றைக்கு வெளிநாடு போவதென்றால் எந்த அலுவலகத்தில் எந்தச் சன்னலில் நிற்க வேண்டும், எதற்கு எத்தனை நகல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அவ்வளவுக்கும் மேலே ஓர் அதிகாரி இருந்தார். மேல்முறையீடு கிடையாது. சித்தப்பா தனியாகவே கப்பலேறினார்.

தூணுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்ட சின்னாத்தா, அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வி என்று எடுத்துக்கொண்டாள். கேள்விக்குப் பதில் சொல்லலாம் அல்லவா?

பதில் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் இருந்தது. சித்தப்பா கொண்டுவந்த டப்பா. மூடியில் வட்டமான ஒரு கேக், அதன் உச்சியில் எரிகிற சின்னச் சுடர், சுற்றிச் சிவந்த கன்னங்களோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள். அந்த ஊர்ப் பலகாரம் அதுதான் என்று சின்னாத்தா முடிவு செய்தாள். திருமயம் ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் பக்குவம் கேட்டாள். அந்த அம்மா சொன்னது மைதா, வெண்ணெய், சீனி, முட்டை, சோடா உப்பு, சித்தப்பா அனுப்பியிருந்த சின்னக் குப்பி எசன்ஸ். பிறகு ‘அவன்’ என்றொரு இரும்புப் பெட்டி. அது எங்கள் ஜில்லாவில் எங்கும் இல்லை. அதற்கும் நர்சம்மா வழி சொன்னாள். பெரிய தேக்சாவில் வெள்ளாற்று மணலைப் பரப்பிச் சூடாக்கி, நடுவில் கேக் பாத்திரத்தை இறக்கி, மேலே தாம்பாளத்தால் மூடி, தாம்பாளத்தின் மீதும் தணலைக் கொட்ட வேண்டும்.

முதல் கேக்கைச் சின்னாத்தா அந்த பிஸ்கட் டப்பாவிலேயே ஊற்றிவைத்தாள். கேக் படம் போட்ட டப்பாவில் கேக் வராமல் போகுமா? சூட்டில் டப்பாவின் ஈயப் பற்று உருகி, மூலை பிரிந்து, மாவு மணலுக்குள் இறங்கியது. திறந்து பார்த்தபோது டப்பா காலி. மணல்தான் வெந்து மணத்தது.

அடுத்தடுத்து வந்தவை வெண்கல உருளியில். ஒன்று அடி கருகி மேலே பச்சை மாவாக இருந்தது. ஒன்று நன்றாக எழும்பி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருமூச்சு விட்டு நடுவில் குழிந்தது. சோடா உப்பைக் கை தாராளமாகப் போட்ட நாளில் சவர்க்காரம் போல இருந்தது. பக்கத்து அடுப்பிலிருந்து என் ஆத்தா, அதாவது அம்மா, எட்டிப் பார்த்து, “என்னடி, இன்னக்கிக் கேக்கா, கூரை ஓடா?” என்பாள். “ரெண்டுக்கும் நடுவுல அக்கா, தின்னு பாத்துச் சொல்லுங்க,” என்பாள் சின்னாத்தா.

தின்று பார்க்கும் உத்தியோகம் எனக்கு. அந்த மத்தியானங்களை இப்போது நினைத்தால் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்தது போலத் தோன்றுகிறது. பெரியவர்கள் ஆளுக்கொரு தூணடியில் தூங்குவார்கள். சன்னலின் வர்ணக் கண்ணாடி வழியாகப் பச்சையும் சிவப்புமாக வெயில் தரையில் நகரும். முட்டையை மத்தால் கடைகிற சத்தம் தூரத்தில் யாரோ நடந்து வருவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு அந்த வாசனை. பூ மாதிரியும் இல்லை, பால் மாதிரியும் இல்லை. முற்றத்தைத் தாண்டி, பூட்டியிருந்த அறைகளின் சாவித் துவாரம் வழியே நுழைந்து, பழைய மரப்பெட்டிகளின் வாசனையோடு கலந்து வெளியே வரும். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே முகத்தைத் திருப்புவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு இந்த வாசனைதான் என்று நான் நிச்சயமாக நம்பினேன். பல வருஷம் கழித்து அலுவல் காரணமாகக் கட்டுமாவடிக்குப் போனேன். முதல்முறை கடலைக் கிட்டத்தில் பார்த்தபோது அது மீன் நாற்றம் அடித்ததில் எனக்கு உள்ளூர ஓர் ஏமாற்றம்.

தோற்ற கேக்குகள் எல்லாம் எனக்கு. மருமகள்கள் மாமனாரோடு நேராகப் பேசுவதில்லை, எதிரே நிற்பதும் இல்லை. ஆகவே ஒரு துண்டை என் கையில் கொடுத்து, “ஐயாட்ட குடு, யாரு குடுத்தான்னு சொல்லாத,” என்பாள் சின்னாத்தா. ஐயா வாங்கி வாயில் போட்டு, “இது பிண்ணாக்கு,” என்பார். மென்று முடித்துவிட்டு, “இன்னொரு துண்டு கொண்டா. பிண்ணாக்குத்தானான்னு சரியாப் பாத்துச் சொல்லணும்ல,” என்பார். அவருக்குப் பல் போய்விட்டது. இனிப்பு ஆசை போகவில்லை. வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷங்களில் வந்த ஒரு பிள்ளையார் நோன்பு நினைவிருக்கிறது. கார்த்திகைத் தீபம் முடிந்த மறுநாளிலிருந்து கோடி வேட்டியில் நாளுக்கொரு நூலாக எடுத்து வைப்போம். மார்கழியில் வரும் நோன்பின் கடைசி நாளில் அந்த நூல்களைத் திரித்து, வெல்லம் போட்டுப் பிசைந்த மாவுக் கூம்பின் உச்சியில் திரியாக நட்டு, நெய்யில் ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். வீட்டுப் பெரியவர் ஏற்றித் தருவார். வாயை மூடினால் நெருப்பு அணைந்து இனிப்பு மட்டும் மிஞ்சும். ஆளுக்கு ஓர் இழை. ஊரில் இல்லாதவர்களுடையதை எங்கள் வீட்டில் அவர்களுக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். பிள்ளை உண்டாகியிருப்பவள் வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து எடுப்பாள்.

சின்னாத்தா தன் இழையை எடுத்துவிட்டுச் சித்தப்பாவின் இழைக்குக் கை நீட்டினாள். பங்காளி வீட்டு ஆச்சி ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டாவது எதுக்கு ஆயி? கப்பல்ல இருக்கிறவுகளுக்கா, வயித்துல இருக்கிறதுக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். சின்னாத்தாவும் சிரித்தாள். அவளுக்கு மட்டும் இரண்டு இனிப்பு கிடைப்பதைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். ஐயா மட்டும் திரியை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே சின்னாத்தா தேக்சாவை ஏற்றிவிட்டாள். இத்தனை தடவை தோற்றும் ஒருத்தி ஏன் ஒரு பலகாரத்துக்காக இந்தப் பாடு படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குக் குழிந்த கேக்கே போதுமானதாக இருந்தது.

சித்தப்பா வந்தார். விடுப்பு முடிகிற தை மாதம், ஒரு டிக்கெட்டா இரண்டா என்று கேட்க வேண்டிய நாளும் வந்தது. கேட்டார். ஐயாவிடமிருந்து அதே பதில், அதே வார்த்தைகளில்.

அன்று மத்தியானம் சின்னாத்தா மறுபடி தேக்சாவை எடுத்தாள். மணலைச் சலித்துப் போட்டாள். தணலைத் துண்டு துண்டாக இடுக்கியால் எடுத்துத் தாம்பாளத்தில் அடுக்கினாள். இடையில் திறந்து பார்க்கவே இல்லை. அதுவரை குழிந்ததெல்லாம் அவசரப்பட்டுத் திறந்ததால் குழிந்தவை என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, மூக்கால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அவள் மடிமீது சிவப்பாக ஏறிப் பச்சையாக இறங்கியது. பிறகு எழுந்து தாம்பாளத்தைத் தூக்கி, ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தாள். குச்சி சுத்தமாக வந்தது. கேக் எழும்பி, உச்சியில் லேசாக வெடித்துச் சிரித்தாற்போல இருந்தது. குழியவில்லை. நான் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன். அப்போதும் குழியவில்லை.

படத்தில் இருந்த சுடர்தான் பாக்கி.

“மெழுகுத்திரி வச்சா மெழுகுல்ல ஒழுகும்? அதையா திம்பாக? பாவம், அந்த ஊருல நெய்க்குப் பஞ்சம் போல,” என்றாள் சின்னாத்தா. நோன்புக்குச் செய்கிற மாதிரியே சின்ன மாவுக் கூம்பு பிடித்து, திரி நட்டு, நெய்விட்டு, கேக்கின் உச்சியில் வைத்து ஏற்றினாள். வெள்ளித் தட்டு என் கைக்கு வந்தது. முற்றத்தின் நீளம் முழுக்க அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தரை காலில் படவில்லை.

ஐயா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். எதிரே சித்தப்பா. தட்டைப் பார்த்ததும் சித்தப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“அப்பச்சி, இது வெள்ளைக்காரன் பொறந்த நாளைக்குச் செய்யிறது. இந்த வெளக்க வாயால ஊதி அணைக்கணும்.”

ஐயா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். “வெளக்க வாயால ஊதுறதா?”

“அங்க அதான் அப்பச்சி வழக்கம்.”

“பொறந்த நாளும் அதுவுமா வெளக்க அணைப்பாகளா? வெளங்குமா அந்தக் குடும்பம்? சரி, இங்க இன்னக்கி யாருக்குப் பொறந்த நாளு?”

யாருக்கும் இல்லை. சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. தூணுக்குப் பின்னால் வளையல் ஒருமுறை சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. நெய் உருகிக் கேக்குக்குள் இறங்க, சுடர் குட்டையாகிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சத்தில் தானாகவே அணைந்துவிடும்.

ஐயா மேல்துண்டை இடுப்பில் கட்டினார். கிழக்கே திரும்பி உட்கார்ந்தார். சுடரோடு அந்தக் கூம்பை, அடியில் ஒட்டியிருந்த கேக்கையும் சேர்த்துப் பெயர்த்தெடுத்தார். எரிய எரிய வாயில் போட்டு மூடிக்கொண்டார். முட்டை சேர்ந்த பண்டத்துக்குப் பிள்ளையாரின் சம்மதம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

நிதானமாக மென்றார். பிண்ணாக்கு என்று சொல்லவில்லை. விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏ குட்டி, ஒஞ் சின்னாத்தாட்ட கேளு. அங்க மணலுக்கு என்ன செய்வாளாம்?”

நான் தூணைப் பார்த்தேன். “கடக்கரை ஊருதானாம், மணலு கெடைக்கும்னு சொல்லு,” என்றது தூண்.

“அது உப்பு மணலு. கேக்கு கரிக்கும்.” ஐயா ஊஞ்சலை மறுபடி ஆட்டிவிட்டார். “வெள்ளாத்து மணலு ஒரு மூட்டை கட்டிக்கிட்டுப் போகச் சொல்லு.”

தூணுக்குப் பின்னால் சின்னாத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேக் நன்றாக வந்ததற்கு ஒருத்தி அழுவாளா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

மணல் போயிற்று. துணியில் கட்டி, தேக்சாவுக்குள் வைத்து, மேலே வற்றலும் வடகமும் போட்டு. ஒரு நாட்டு மண்ணை இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோக யாரிடம் என்ன அனுமதி வாங்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு யாராவது முறைப்படி கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

வீட்டில் ஓர் அடுப்பு அணைந்தது. அந்த மூலையில் பூனை ஒன்று குட்டி போட்டது. நல்ல கேக் ஒன்று செய்ததற்காகச் சின்னாத்தா மேல் எனக்குக் கோபமாகவே இருந்தது. குழிந்ததையே செய்துகொண்டிருந்தால் இங்கேயே இருந்திருப்பாள்.

அடுத்த மார்கழியில் நோன்பு வந்தது. ஐயா எல்லோருக்கும் இழை ஏற்றித் தந்துவிட்டுக் கடைசியில் தன்னுடையதை எடுத்துக்கொண்டார். பிறகு சித்தப்பாவுடையதை. பிறகு சின்னாத்தாவுடையதை. ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி, வாயை மூடி, தொண்டை ஏறி இறங்கும் வரை அசையாமல் இருந்தார். மூன்றோடு எழுந்துவிடுவார், தட்டில் மிச்சமிருக்கிற கூம்பு எனக்கு வரும் என்று உட்கார்ந்திருந்தேன். ஐயா அதையும் எடுத்துத் திரியைப் பற்றவைத்தார்.

“ஐயா, அது யாருக்கு?”

ஆத்தா என் தொடையில் கிள்ளினாள். பங்காளி வீட்டு ஆச்சி எதையோ சொல்ல வாயெடுத்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்குத்தான். இனிப்பா இருக்குல்ல,” என்றார் ஐயா.

அந்த நான்காவது சுடரை மற்றவற்றைப் போல உடனே வாயில் போடவில்லை. உள்ளங்கைக் குழிவில் வைத்து, காற்றுப் படாமல் இன்னொரு கையால் மறைத்து, அது நன்றாக நிமிர்ந்து எரிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விழுங்கினார். விழுங்கிவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

பேராசைப்பட்டால் நாக்கு சுடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு, நான் மிகுந்த திருப்தியோடு தூங்கப் போனேன்.