முன்பல்லின் பின்னால் ஒரு குழி

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்ததும் அம்மா வாய்க்குள் விரலை விட்டுத் தடவுவாள். மேல்வரிசை முன்பல்லின் பின்பக்கம் குழிந்து, இரண்டு ஓரமும் வரப்பு மாதிரி தடித்திருக்கும். அம்மா வழியில் பர்மா கலப்பு. வியாசர்பாடிக்கு வந்தும் அந்தக் குழி எங்களை விடவில்லை. ஊரில் வேறு எவருக்கும் கிடையாது என்று அவளுக்குப் பெரிய பெருமை. அடுத்தவர் வாய்க்குள் யார் விரலை விட்டுப் பார்த்தார்கள்?

போன வருடம் தம்பி எண்ணூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தோம். கடைசியில் முகத்துவாரத்தில் ஒரு உடல் ஒதுங்கியிருப்பதாகச் சொல்லிப் பிணவறைக்குக் கூப்பிட்டார்கள். முகம் அழுகிப் போயிருந்தது. சட்டைகூட இல்லை. உயரம் மட்டும் ஒத்துப்போனது. நான் வெளியே வந்து வாந்தி எடுத்தேன். அம்மா கிளவுஸ் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, பல்லுக்குப் பின்னால் தடவினாள்.

"என் புள்ளதான். குழி கீது" என்றாள்.

அன்றே எரித்தோம். மறுநாள் சாம்பலைக் காசிமேட்டில் கரைத்தோம்.

இந்த ஆடியில் எனக்குப் பல்வலி. கொருக்குப்பேட்டைப் பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நீங்களும் பர்மா ஃபேமிலியா?" என்றார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"முன்பல்லு பின்னாடி குழி இருக்கே. பர்மா, சீனா பக்கத்து ஜனங்களுக்கு சகஜம், பரம்பரையா வரும். உங்க ஏரியாவுலேர்ந்து வர்ற நிறைய பேருக்குப் பார்த்திருக்கேன்."

அப்படியானால் நாங்கள் எரித்தது யாரை? தம்பி எங்கே? அம்மாவிடம் சொன்னால் மறுபடி தெருத்தெருவாய் அலைவாள். சொல்லாமல் இருந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும். இனி யாரைப் போய்க் கேட்பது? சாம்பலைக்கூட நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த பிளாக்கில் அத்தோ நூடுல்ஸ் கடை போட்டிருக்கிற அம்மாளும் பர்மாவிலிருந்து வந்த குடும்பம்தான். அவள் மகன் போன வருடம் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவன். கோபம் தணிந்தால் வந்துவிடுவான் என்று அவள் புகார்கூடக் கொடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அளுவாத. உன் புள்ள எங்கனா உசுரோட கீறான், வந்துருவான். என்னியப் பாரு, என் கையாலயே அனுப்பி வச்சிட்டேன்."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்க்கா நீ" என்றாள்.