எட்டு பாக்கெட் வைத்த பை

எங்கள் ஊரில் ஒரு பொருளைக் கொஞ்ச நேரம் சும்மா மாட்டி வைக்க முடியாது. உடனே அதற்குப் பொட்டு வைத்துவிடுவார்கள். இப்படிச் சொன்னால் எனக்குப் பக்தி இல்லை என்பார்கள். மாதா மாதம் மலை சுற்றுகிறவள்தான் நானும். வினோதினியும் சுற்றுகிறவள்தான். ஆனாலும் அவளுடைய பைக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வினோதினி மிக்ஸி ரிப்பேர் செய்கிறவள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி, என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே அவள் கடை. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அவள் கணவன் திருமலையும் அவனுடைய அண்ணன் கண்ணாயிரமும் சேர்ந்து குடியிருக்கும் வீட்டின் முன்பக்கம், தகரக் கூரையின் கீழே ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு பிளக் பாயிண்ட். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்பு டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரில் போன் எடுத்துப் பேசும் வேலையில் இருந்தாள். போன் வராத நேரத்தில் மெக்கானிக் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையைக் கற்றுக்கொண்டாள். இங்கே கடை போட்டபோது எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பி மிக்ஸியைத் தரவில்லை. வந்தவர்களெல்லாம் வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்டார்கள். வீட்டுக்காரன் திருமலை ஆட்டோ ஓட்டுகிறவன். மிக்ஸியை எந்தப் பக்கம் திருப்பினால் ஓடும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவனிடம் தரத் தயார், இவளிடம் தர மாட்டார்களாம். எனக்கு ரோஷம் வந்து என் மிக்ஸியைக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடுகளிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது.

வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டியிருந்ததால் அவளுக்கு ஒரு நல்ல பை தேவைப்பட்டது. கடையில் வாங்கிய பை எதுவும் நிலைக்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் குத்திக் கிழித்துவிடும், இல்லையென்றால் கனம் தாங்காமல் காது அறுந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கிராஃப்ட் டீச்சர் சொல்லித் தந்த குரோஷா பின்னல் அவளுக்கு நினைவு இருந்தது. மற்றவர்கள் அதில் டீவி மேல் போடுகிற விரிப்பு பின்னுவார்கள். இவள் நைலான் கயிற்றில் பை பின்ன உட்கார்ந்தாள். கயிறு காவி நிறம். கடையில் அந்த நிறம்தான் மீந்திருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அடிப்பாகத்துக்கு இரட்டைக் கயிறு. சின்ன ஸ்க்ரூகூட நழுவி விழாதபடி ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கிப் போட்டாள். பாக்கெட்டைத் தனியாகப் பின்னித் தைத்தால் பிய்ந்துவிடும் என்று, பையின் உடம்பிலிருந்தே கண்ணி எடுத்துப் பாக்கெட்டைப் பின்னினாள். கைப்பிடி, பையின் அடியைச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறியது. நைலான் விரலை அறுத்தது. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு பின்னினாள். மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டு பாக்கெட் வந்தது, ஏனென்றால் அவளிடம் எட்டு விதமான சாமான் இருந்தது. டெஸ்டருக்கு ஒன்று, கார்பன் பிரஷ்ஷுக்கு ஒன்று, கப்ளருக்கு ஒன்று, இப்படி. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் வேண்டியது வரும். மேஜைக்குப் பக்கத்துத் தூணில் ஆணி அடித்து மாட்டினாள். பார்த்தவர்கள் எல்லோரும் எனக்கொன்று பின்னிக்கொடு என்றார்கள். எனக்கு நேரமில்லை, மிக்ஸி இருந்தால் கொண்டுவாருங்கள் என்றாள்.

அந்தப் பௌர்ணமிக்கு நானும் அவளும் சாயங்காலமே மலை சுற்றக் கிளம்பினோம். பை ஆணியிலேயே தொங்கியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயிலில் விபூதி வாங்கினால் நெற்றியில் பூசியதுபோக மீதியைக் கீழே போட மாட்டார்கள், தூண் இடுக்கில் கொட்டிவிட்டுப் போவார்கள். பாதையில் உள்ள எட்டு லிங்கத்திலும் விபூதி தருகிறார்கள். எவரோ ஒரு புண்ணியவான் கையில் மீந்ததை எங்கே போடுவது என்று பார்த்திருக்கிறார். கண் மட்டத்தில் பாக்கெட் தெரிந்திருக்கிறது. போட்டுவிட்டார். பின்னால் வந்தவர் அதைப் பார்த்து அவரும் போட்டார். அதற்கும் பின்னால் வந்த ஒருவர் பாக்கெட்டை எண்ணியிருக்கிறார். எட்டு. காவி வேறு. போதாதா?

நாங்கள் திரும்பி வந்தபோது பைக்கு மாலை போட்டிருந்தது. பாக்கெட் எல்லாம் விபூதி, குங்குமம், கற்பூரம், சில்லறை. தூணுக்குக் கீழே யாரோ விளக்கேற்றியிருந்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று தொட்டுக் கும்பிட்டார்கள். வினோதினிக்கு முதலில் சிரிப்பு வந்தது. உள்ளே விபூதியில் புதைந்து கிடக்கிற மோட்டார் புஷ்ஷையெல்லாம் நினைத்ததும் சிரிப்பு நின்றது.

அவள் மறுநாள் உட்கார்ந்து துடைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கண்ணாயிரம் விடவில்லை. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன நாளிலிருந்து பேச ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் மனுஷனுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. தட்டில் விபூதியை வைத்துக்கொண்டு, முன்னாடி போங்க, முன்னாடி போங்க என்று வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தார். யாரோ அவரைச் சாமி என்று கூப்பிட்டுவிட்டார்கள். அதோடு ஆள் கைமீறிப் போய்விட்டார்.

சாமி வந்து உட்கார்ந்த பொருளை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளுடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொட்டிக் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னியது அவள், அறுபட்டது அவள் விரல். அவரோ ஆணிக்கு மேலே சீரியல் லைட் மாட்டினார். திருமலையிடம் முறையிட்டால், அண்ணன் பேச்சை எப்படித் தட்டுவது, கொஞ்ச நாள் போகட்டும் என்றான். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்கிறவர்களை நான் என் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பொருள் எதுவும் போயிருக்காது.

கவரில் எதையும் தேட முடியவில்லை. ஒரு வீட்டில் ஸ்பிரிங் ஒன்று கவரின் ஓட்டை வழியாக விழுந்து தொலைந்துபோய், பாதி வேலையில் தலை குனிந்து நின்றாள். ஒரு நாள் கண்ணாயிரம் வெளியே போயிருந்தபோது கொக்கி ஊசியை எடுத்துப் பையின் கீழே ஒன்பதாவது பாக்கெட் ஒன்றைப் பின்னிவிட்டாள். எட்டு என்பதால்தானே கும்பிடுகிறார்கள், எட்டு இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். பாவம், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் போட்ட கணக்கா அது?

அடுத்த பௌர்ணமியில் நவக்கிரகம் என்றார்கள். நவக்கிரகம் என்றால் சும்மா கும்பிட்டுவிட்டுப் போக முடியாதே, சுற்ற வேண்டும். தூணைச் சுற்ற ஆரம்பித்தார்கள். சுற்றுகிறவர்களுக்கு மேஜை இடித்தது. மறுநாளே கண்ணாயிரம் மேஜையைத் தூக்கிக் கொல்லைப்பக்கம், பாத்ரூம் சுவரோரமாகப் போட்டார். அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது. தெருவிலிருந்து பார்த்தால் மேஜையே தெரியாது.

அன்று மத்தியானம் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"பத்து வெச்சா இன்னாக்கா பண்ணுவாங்க?"

"தசாவதாரம்."

"பன்னெண்டு?"

"பன்னெண்டு ராசி."

"எல்லாத்தையும் பிரிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு வெச்சா?"

"பிள்ளையார்னு சொல்லித் தேங்காய் ஒடைப்பாங்க" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து வேங்கிக்காலிலிருந்து பூஜா என்கிற பெண் ஸ்கூட்டியில் மிக்ஸியை வைத்துக்கொண்டு வந்தாள். வினோதினியிடம் வழக்கமாக வருகிறவள். மேஜையைக் காணாமல் திகைத்து நின்றாள். கண்ணாயிரம் எழுந்து வந்து, இங்கே கடை எல்லாம் கிடையாது, சாமி இடம் என்று சொல்லி விபூதித் தட்டை நீட்டினார். அந்தப் பெண் பூசிக்கொண்டு டவுன் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டாள். என் காதால் கேட்டேன். கடை இல்லையாம். ஒரு பொம்பளை வருஷக்கணக்கில் உட்கார்ந்து சம்பாதித்த பெயரை ஒரு வாக்கியத்தில் துடைத்துவிட்டார். நான் போட்டோகாப்பியை அப்படியே நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

வினோதினி எழுந்து வந்தாள். என் கடையிலிருந்து வெள்ளைப் பேப்பர் கேட்டு வாங்கினாள். பையை ஆணியிலிருந்து எடுத்தாள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருந்த விபூதியையும் குங்குமத்தையும் பேப்பரில் தட்டி, யார் காலும் படாத இடமாகப் பார்த்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டிக் கும்பிட்டாள். பிறகு தூணோரம் உட்கார்ந்து கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தாள். குரோஷா பின்னல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் முடிச்சு தெரிந்தவள் இழுத்தால் வந்துவிடும். வரிசை வரிசையாகப் பை கரைந்து அவள் மடியில் கயிறு குவிந்தது.

கண்ணாயிரம் பதறிப்போய், சாமி குத்தம் ஆகிவிடும் என்றார்.

"இது கயிறுங்க மாமா. நான் வாங்குன கயிறு. நான் பின்னுனேன், நானே பிரிக்கறேன்" என்றாள்.

அவர் அவள் மடியில் குவிந்த கயிற்றை எட்டிப் பார்த்தார். அப்புறம் கேட்டார் பாருங்கள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த பௌர்ணமிக்குள் திரும்பப் பின்னிவிடுவாயா என்று கேட்டார். பழசைவிடக் கொஞ்சம் பெரிதாகவே பின்னச் சொன்னார். எனக்குக் கை துறுதுறுத்தது. வினோதினி சரிங்க மாமா என்றாள்.

அதே கயிற்றில் பின்னினாள். அதே எட்டு பாக்கெட். அவற்றுக்கு மேலே, பையின் முழு அகலத்துக்கும் ஒரு பாக்கெட், வாய் அகலமாக. கண்ணாயிரம் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். அந்தப் பெரிய பாக்கெட் உண்டியலுக்கு என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

பௌர்ணமியன்று சாயங்காலம் ஜனம் நடக்க ஆரம்பித்த நேரம். வினோதினி கொல்லையிலிருந்து மேஜையைத் தானே இழுத்து வந்து பழைய இடத்தில் போட்டாள். பையை ஆணியில் மாட்டினாள். எட்டு பாக்கெட்டிலும் அவளுடைய சாமான். மேலே அந்தப் பெரிய பாக்கெட்டில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, அடிப்பக்கம் ரோட்டைப் பார்த்து. வெறுங்காலோடு மலை சுற்ற வருகிற ஊரில், ஆளுயரத்தில் செருப்பு.

கையில் விபூதியோடு வந்த ஒருவர் பைக்குப் பக்கத்தில் வந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் பின்னால் வந்தவரும் விலகி நடந்தார். தட்டோடு வெளியே வந்த கண்ணாயிரத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

"இன்னாம்மா இது? செருப்பைப் போய்..."

"என் வேலைப் பைங்க மாமா. என் செருப்பு. வேணான்னா நீங்களே எடுத்துப் போடுங்க."

கையை நீட்டினார். பாக்கெட் வரைக்கும் கை போனது. தம்பி பெண்டாட்டியின் செருப்பைத் தெருவே பார்க்கத் தன் கையால் தூக்க வேண்டும் என்பது அங்கே போனதும்தான் அவருக்கு உறைத்தது போல. கையை மடக்கிக்கொண்டு, திருமலை, திருமலை என்று கூப்பிட்டார். திருமலை அவளைப் பார்த்தான். கொஞ்ச நாள் போகட்டும்ண்ணே என்றான். அந்த ஒரு தடவை மட்டும் அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மேஜை அங்கேயேதான் இருக்கிறது. பூஜாவும் திரும்ப வந்துவிட்டாள். பௌர்ணமியன்று மட்டும் கூட்டத்தில் யாராவது, சாமி போகிற பாதையில் செருப்பைத் தொங்கவிட்டிருக்கிறாளே, திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எனக்குக் கஷ்டம்தான். ஏனென்றால் அந்தச் செருப்பை வாங்க டவுனுக்கு அவளோடு போனவள் நான். கடைக்காரர் காலில் போட்டுப் பார்க்கச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். இன்றுவரை அது தரையைத் தொட்டதில்லை. விபூதி இருந்த கயிறு அது, பழைய செருப்பை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அதை எல்லோரிடமும் சொல்லட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன்.

"வேணாங்க்கா" என்றாள், மோட்டாரிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "சாமிக்குப் பயந்து புதுசு வாங்குனேன். அது சாமிக்குத் தெரிஞ்சா போதும். மாமாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே அதுக்கும் பொட்டு வெச்சிடுவாரு."