புளியில் கழுவிய கடல்

இன்று ரசத்துக்குப் புளி கரைத்தபோது என் செப்பு மோதிரம் பளிச்சென்றானது. புளியும் செம்பும் கலந்த அந்த வாசனையில், குருபரப்பள்ளி நெடுஞ்சாலையோரம் அத்தா வைத்திருந்த பழைய இரும்புக் கடை மூக்கில் ஏறியது. இப்போது அங்கே மேம்பாலம் நிற்கிறது. லாரி போகும்போதெல்லாம் தகரக் கூரையும் தராசுத் தட்டுகளும் சேர்ந்து அதிரும், துருவும் கிரீஸும் மணக்கும் அந்தக் கடையில், கடலோர ஊர் வியாபாரி ஒருவரிடம் அத்தா வாங்கிவந்த செப்புக் காசுகள் ஒரு சாக்கில் கிடந்தன. மூழ்கிய கப்பலில் இருந்தவையாம். பச்சையேறி, சுண்ணாம்பு படிந்திருந்தன. விற்கிற பொருள் பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று அம்மா ஒரு மத்தியானம் முழுக்கப் புளிபோட்டுத் தேய்த்து எல்லாவற்றையும் மின்னவைத்துவிட்டார்.

வாங்க வந்த பெங்களூர்க்காரர் தலையில் கைவைத்தார். "கடல்ல கெடந்த அடையாளமே போச்சேம்மா!"

அவர் போனபின் அத்தா சிரித்தார். "கடலு எத்தனையோ வருசமா பண்ணத ஒரு உருண்டப் புளியில முடிச்சிட்டியே."

அம்மா சிரிக்கவில்லை. காசுகளை உப்புத் தண்ணீர்ச் சட்டியில் போட்டு மூடிவைத்தார். நானும் அவரும் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பள்ளிக்குப் போகுமுன் மூடியைத் திறந்து, கடல் திரும்பி வந்துவிட்டதா என்று தினமும் பார்ப்பேன். மெல்ல மெல்லப் பச்சை ஏறியது.

பெங்களூர்க்காரர் மறுபடி வந்தார். ஒரு காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இத ஏன் அன்னிக்கே காட்டல?" என்று பையைத் திறந்தார். அத்தா காசுகளை எண்ணத் தொடங்கினார்.

அம்மாதான் சொன்னார்: "அது கடல் பச்ச இல்லீங்க. எங்க வூட்டு உப்பு."