உடைய வேண்டிய கட்டை

மாவண்ணனைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பல் மருத்துவக் கல்லூரியின் செயற்கைப் பல் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக பிளாஸ்டர் மாவோடு புழங்குகிறவர். இமை மயிரிலும் கைக்கடிகாரப் பட்டையின் ஓட்டைகளிலும் மாவு படிந்திருக்கும். சம்பளச் சீட்டில் அவர் உதவியாளர், இரண்டாம் நிலை. ஆனாலும் வகுப்பில் திரையில் ஓடிய படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பிடிபடாமல் வரும் முதுநிலை மாணவர்கள் கடைசியில் வந்து நிற்பது அவருடைய ஜன்னலில்தான்.

படிப்பென்று ஒன்றும் கிடையாது. பதினெட்டு வயதில் ஒரு தனியார் கூடத்தில் பல் அளவெடுத்த தட்டுகளைக் கழுவப் போனார். முதலாளி எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. தப்பாகச் செய்தால் சுத்தியலால் உடைப்பார், அவ்வளவுதான். எது உடைபடாமல் மேசையில் மிஞ்சியதோ அதுதான் சரி என்று இவர் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வார்ப்பு, மெழுகுப் பல், உலோகச் சட்டம் எல்லாம் அப்படி வந்ததுதான்.

கல்லூரியில் இம்ப்ளாண்ட் பயிற்சி தொடங்கியபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. தாடை எலும்பில் திருகாணி போன்ற உலோக வேரைப் பதித்து, அதன் மேல் பல் கட்டும் வேலை. அதையும் கழற்றி மாட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டு மாணவர்களுக்குச் சொல்வார்.

“சொந்தப் பல்லு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், டாக்டரம்மா. வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. இம்ப்ளாண்ட்டுக்கு அது கிடையாது, எலும்போட ஒட்டிப்போச்சு. நாம செய்யற சட்டம் ஒரு முடி அளவு கோணலா இருந்தாலும் அது நகராது. அப்ப யாரு கஷ்டப்படணும்? ஒண்ணு திருகு, இல்ல எலும்பு.”

கோணலைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. வாயில் எடுத்த அளவை வைத்து வார்த்த மாதிரித் தாடையில் வேருக்கு ஒன்றாக நான்கு உலோகக் குழல்களை மாட்டி, அவற்றை மாவால் ஒரு மெல்லிய கட்டையாக இணைப்பது. அந்தக் கட்டையை நோயாளியின் வாயில் வைத்து ஒவ்வொரு திருகாக முடுக்க வேண்டும். அளவு சரியென்றால் கட்டை அசையாமல் உட்காரும். கொஞ்சம் பிசகியிருந்தாலும் படக்கென்று உடையும். வேண்டுமென்றே நோஞ்சானாகச் செய்கிற பொருள் அது. உடைந்தால் மறுபடி முதலிலிருந்து அளவெடுக்க வேண்டும்.

உடைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மாணவரும் தேர்வுக்கு முன் ஐந்து நோயாளிகளை முடித்துக் காட்ட வேண்டும். கட்டை உடைந்தால் இரண்டு வாரம் போச்சு. ஒரு வருடம் பாதிப் பேரால் ஐந்தை எட்ட முடியவில்லை. துறைத் தலைவர் மாவண்ணனைக் கூப்பிட்டார்.

“என்னய்யா கட்டை செய்யறே? தொட்டா உடையுது.”

“உடையறதுக்குத்தான் சார் அது.”

“தத்துவம் பேசாதே. பிசின்ல செய். மத்த இடத்துல எல்லாம் பிசின்லதான் செய்யறாங்க.”

அது பொய்யில்லை. இறுகினால் பிளாஸ்டிக் போலாகும் பிசின் கட்டையிலும் கோணலைப் பார்க்கலாம். ஒரு ஓரத்துத் திருகை மட்டும் முடுக்கி, மறு ஓரம் மேலே எழும்புகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எழும்பினால் கட்டையை அறுத்து வாயிலேயே ஒட்ட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். மாணவர்கள் நான்கு திருகையும் முடுக்கினார்கள். பிசின் வளைந்து கொடுத்தது. நோயாளியின் தாளில் ‘பொருந்துகிறது’ என்று எழுதினார்கள். கீழே ‘சரிபார்க்கும் கட்டை செய்தவர்’ என்ற இடத்தில் மாவண்ணன் கையெழுத்திட்டார். ஏழு வருடம் ஒரு கட்டைகூட உடையவில்லை. துறைக்கு நல்ல பெயர்.

சிலர் திரும்பி வந்தார்கள். திருகு தளர்ந்துவிட்டது என்று ஒருவர், திருகே முறிந்துவிட்டது என்று ஒருவர், ஒரு வேரைச் சுற்றி எலும்பு கரைந்துவிட்டது என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். புதிய மாணவர்கள் திருகை மாற்றி அனுப்பினார்கள். அளவெடுத்த பழைய மாணவர்கள் அதற்குள் சொந்தமாகப் பலகை மாட்டியிருந்தார்கள். ஒன்றையும் இன்னொன்றையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க அங்கே மாவண்ணனைத் தவிர ஆளில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் அவருடைய அக்கா பல் கட்ட வந்தாள்.

அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கிறவள். கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லை. கழற்றி மாட்டும் பல்செட் நாக்கு அசைந்தாலே கிளம்பிவிடும். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கல்லூரியில் பெயர் கொடுத்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் அறிவித்தாள்.

“எனக்கு நாலு வேர் வைக்கப் போறாங்க.”

“எதுக்குக்கா இப்ப? பல்செட்ட நான் சரி பண்ணித் தரேன்.”

“பத்து வருஷமா நீ சரி பண்ணிக் கிழிச்சது போதும். ஏண்டா, ஊருக்கெல்லாம் செய்வ, அக்காவுக்குன்னா மட்டும் வலிக்குதா?”

மாவண்ணன் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தார். காரணத்தைச் சொன்னால் முழுக்கச் சொல்ல வேண்டும்.

அறுவை முடிந்ததும் அங்கிருந்த டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். “எலும்பு ரொம்ப மெலிசுண்ணே. நாலும் உட்கார்ந்ததே பெரிசு. இதுல ஒண்ணு போச்சுன்னா மறுபடி வைக்க இடமில்ல.”

நான்கு மாதம் ஆறவிட்டு அளவெடுத்தார்கள். எடுத்தவள் இறுதியாண்டு மாணவி; கூடத்தில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர். கெட்டவள் இல்லை. மூன்று நோயாளிகளை முடித்துவிட்டாள், இரண்டு பாக்கி, தேர்வுக்கு ஏழு வாரம். ஓடிக்கொண்டேதான் பேசுவாள். மாதிரித் தாடையை ஜன்னலில் வைத்துவிட்டு, “அண்ணே, உங்க அக்காதானாமே, ஸ்பெஷலா செய்யுங்க” என்று சொல்லிக்கொண்டே படியேறிவிட்டாள்.

மாவண்ணன் பிசின் பொடியை எடுத்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, பழைய மாவு டப்பாவைத் தேடி எடுத்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு மாவில் ஒரு கட்டை செய்தார். சுண்டுவிரலில் பாதி கனம்கூட இல்லை. மறுநாள் அவசரம் அதைச் சரியாகப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு ஓடினாள்.

முதல் திருகு நன்றாக இறங்கியது. இரண்டாவதில் அரைச் சுற்று. படக்.

“ஐயோ, எலும்பு முறிஞ்சிருச்சு!” என்று நாற்காலியிலிருந்து அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

அவசரம் இரண்டு துண்டுகளையும் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“என்னண்ணே இது? யாராவது மாவுல செய்வாங்களா?”

“செய்வாங்க. உங்க அளவு தப்பு, டாக்டரம்மா. மறுபடி எடுங்க.”

“இதுவரைக்கும் மூணு பேருக்கு எடுத்தேன், எல்லாம் பொருந்துச்சே!”

“பொருந்தல. பிசின் வளைஞ்சுது.”

நன்றாகப் படிக்கிற பெண். அதற்கு மேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. துண்டுகளோடு நேரே துறைத் தலைவரிடம் போனாள். கால்மணி நேரத்தில் மாவண்ணனுக்கு அழைப்பு வந்தது.

துறைத் தலைவர் உடைந்த இரண்டு துண்டுகளையும் மேசைமேல் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“அக்கா வாய்ங்கறதால மாவுல செஞ்சியா?”

“ஆமா சார்.”

“அப்ப மத்தவங்க வாய்?”

மாவண்ணன் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான். இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது அது மிரட்டலாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

“நீங்கதான் சார் பிசின்ல செய்யச் சொன்னீங்க.”

“பிசின்ல செய்யச் சொன்னேன். சரிபார்க்காதேன்னு சொன்னேனா? ஒவ்வொரு தாள்லயும் யார் கையெழுத்து இருக்கு?”

“என்னோடது.”

“தெரிஞ்சே போட்டிருக்க.”

துறைத் தலைவர் குரலைத் தணித்தார். அவர் கத்தியிருந்தால் மாவண்ணனுக்கும் கத்தத் தோன்றியிருக்கும்.

“உங்க அக்காவுக்கு மறுபடி அளவு எடுப்பாங்க. நானே பக்கத்துல நிக்கறேன். நல்லபடியா முடியும். இந்தத் துண்டு ரெண்டையும் குப்பையில போடு.”

“எல்லாருக்குமே இனி மாவுல செய்யறேன் சார்.”

“செய். எத்தனை பிள்ளைங்க தேர்வு எழுத முடியாமப் போகுதுன்னு கணக்குப் பாரு. பழைய நோயாளிங்களையும் கூப்பிட்டு ஒவ்வொருத்தரா கழட்டிப் பார்ப்போமா? எத்தனை பேர்? நூறு? முதல்ல உன்னைத்தான் கேப்பாங்க.”

மாவண்ணன் துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார்.

அக்காவுக்கு மறுபடி அளவெடுத்தார்கள். அவசரம் இந்த முறை ஓடவில்லை. வாயிலேயே நான்கு குழல்களையும் பிசினால் பிணைத்து, அது இறுகும்வரை காத்திருந்து எடுத்தாள். இரண்டாவது மாவுக் கட்டை நான்கு திருகுக்கும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மாவண்ணன் சட்டத்தை வார்த்து, பல்லை அடுக்கி, தானே மெருகேற்றினார். மாட்டிய அன்று மாலை வீட்டுக்கு வந்தவுடன் அக்கா செய்த முதல் வேலை, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்ததுதான்.

“கத்திரிக்கோலுக்கு இனிமே வேலையில்ல” என்றாள். தம்பியின் தலையை, மாவோடு சேர்த்துத் தடவினாள். அவள் அவரை அப்படித் தொட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அவருக்குக் கூசியது.

பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. சீருடை தைக்க வரும் பெண்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டினாள். பத்தாவது நாள் ஒருத்தியைக் கையோடு அழைத்து வந்தாள். துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள், ஐம்பது வயது இருக்கும், கீழ்ப்பல் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது.

“இவளுக்கும் எனக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சு குடுத்துரு.”

மாவண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். “இம்ப்ளாண்ட் வேண்டாம்மா. கழட்டி மாட்டற பல்செட் செஞ்சுக்கோங்க. நானே நல்லா செஞ்சு தரேன்.”

“ஏங்க, எனக்கு ஒத்துக்காதா?”

“ஒத்துக்கும்...”

“பின்ன என்னடா?” என்றாள் அக்கா.

அந்தப் பெண் சங்கடத்தோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவு மூடுமுன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

“நீ எல்லாம் ஒரு மனுஷனா? உன் வீட்டு ஆளுக்கு ஆயிருச்சு, இனி எவ எக்கேடு கெட்டா என்ன, அப்படித்தானே? இத்தனை நாளும் அந்த டாக்டருங்களைத் திட்டுவியே. அவங்க தேவலைடா.”

அக்கா சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று விளக்க மாவண்ணன் முயலவில்லை.

அந்தப் பெண் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தாள். ஐந்து மாதம் கழித்து அவளுடைய மாதிரித் தாடை ஜன்னலுக்கு வந்தது. கொண்டுவந்தவன் புது மாணவன், மரியாதை தெரிந்தவன். மாவண்ணன் பிசினில் கட்டை செய்தார். கொடுக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒரே ஒரு திருகை மட்டும் முடுக்கிட்டு, அந்தப் பக்கம் எழும்புதான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. அதைப் பாக்காம மத்த மூணையும் தொடாதீங்க.”

“கண்டிப்பாண்ணே.”

எக்ஸ்ரே அறைக்குப் போய் வருவதற்கே இருபது நிமிடம் ஆகும். அவன் பத்து நிமிடத்தில் தாளோடு திரும்பினான்.

“சூப்பரா உட்காந்துருச்சுண்ணே.”

“எக்ஸ்ரே?”

“அங்க பெரிய வரிசைண்ணே. ஆனா பாத்தாலே தெரியுது, கல்லு மாதிரி நிக்குது.”

வெளியே பெஞ்சில் அந்தப் பெண் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டு, நம்பிக்கையோடு தலையை அசைத்தாள். மாவண்ணன் தாளை வாங்கினார். அதில் ‘செய்தவர்’ என்ற இடம் காலியாக இருந்தது. கையெழுத்திட்டுவிட்டு, உலோகத்தை உருக்க அடுப்பை ஏற்றினார்.