கண்ணாடிக்குள் ஒரு முருங்கை மரம்

எங்கள் கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. கிரிஸ்டல் கட்டிக்குள் லேசரால் படம் செதுக்கித் தரும் கடை. முன்னால் என் கணவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பின்னால், சன்னல் இல்லாத அறையில் மெஷினோடு நான். தூசி வரக்கூடாது, சூடு ஏறக்கூடாது என்று கதவைச் சாத்தி ஏ.சி. போட்டுவிடுவோம். வெளியே மழை பெய்ததா என்றுகூட மாலையில் கதவைத் திறந்தால்தான் எனக்குத் தெரியும்.

நான் சிதம்பரத்துப் பெண். அங்கே ஓவியத்தில் பட்டயம் படித்தேன். பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார், "பொண்ணு நல்லா படம் போடுமாமே, நம்ம கடைக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றார். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கல்யாணமான கொஞ்ச நாளில், மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். போட்டோ தட்டையாக இருக்கும். மூக்கு முன்னால் வந்து காது பின்னால் போகிற மாதிரி அதைக் கம்ப்யூட்டரில் புடைப்பாக மாற்ற வேண்டும். இந்த வேலையில் கஷ்டமே அதுதான். எனக்கு அது சீக்கிரம் கைவந்துவிட்டது. வந்ததே தப்பாகவும் போயிற்று. என்னை விட்டால் ஆள் இல்லை என்றாகிவிட்டது. தங்கச்சி வளைகாப்புக்குக் காலையில் போய், அவள் கையில் வளையல் போட்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு கடலூர் பஸ் ஏறினேன்.

"மாமா, நீங்களும் மெஷினைக் கத்துக்கோங்களேன். நான் ரெண்டு நாள் ஊருக்குப் போனாலும் கடை ஓடும்ல?" என்று கணவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"நீ இருக்கும்போது எனக்கு எதுக்கும்மா அது?" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மாலையும் கழுத்துமாக ஜோடிகள், காலமான அப்பாக்கள், நடராஜர், தைப்பூசத்துக்கு முன்னால் வடலூர் போகிறவர்கள் கேட்கும் ஜோதி. எல்லாம் பிறர் கேட்ட படங்கள். புதுக் கட்டியைத் துடைத்து மெஷினில் வைக்கும்போதெல்லாம், அந்தத் தெளிவுக்குள் நானாக எதையாவது வரைய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். கேட்டால் கணவர், "சீசன் முடியட்டும்" என்பார். கல்யாண சீசன் முடிந்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழாக் கேடயங்கள் வரும், அது முடிந்தால் வேறொன்று. முடிந்தது என்று சொல்லும்படி எதுவும் முடியவில்லை.

ஓர் ஆடி மாத மதியம். முகூர்த்தம் இல்லாததால் கடையில் கூட்டமில்லை. கணவர் மாடிக்குச் சாப்பிடப் போயிருந்தார், நான் கல்லாவில் இருந்தேன். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பையிலிருந்து வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தாள். நான் செய்த கட்டிதான். அவளும் அவள் கணவனும் கல்யாணக் கோலத்தில் இருந்தார்கள்.

"அடியில இருக்கிற லைட்டு எரியலியாம்மா?"

"லைட்டெல்லாம் எரியுதுக்கா. இவரை எடுத்துடணும். என்னை மட்டும் வெச்சிக் குடுங்க."

கட்டியைக் கையில் எடுத்து ஒருமுறை திருப்பினேன். பிறகு விளக்கினேன். இது மேலே எழுதியது இல்லை. லேசர் கண்ணாடிக்குள்ளே போய், புள்ளி புள்ளியாகக் குட்டி விரிசல்களை உண்டாக்கும். அந்தப் புள்ளிகள் சேர்ந்துதான் முகம். விழுந்த புள்ளியைத் தேய்த்தாலும் சுரண்டினாலும் எடுக்க முடியாது.

"உங்க படத்தை மட்டும் வேற கட்டியில போட்டுத் தரேனே?"

"புதுசு வேணாங்க்கா. இதுல நான் சிரிச்சிருக்கேன் பாருங்க. அன்னிக்கு நெஜமாத்தான் சிரிச்சேன். அதை நான் ஏன் தூக்கிப் போடணும்?"

தை மாதமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவன் முகத்துக்கும் கட்டியின் முன்பக்கத்துக்கும் நடுவே விரல் கனத்துக்கு வெற்றுக் கண்ணாடி இருந்தது.

"எடுக்க முடியாது. ஆனா அவர் முன்னாடி ஏதாச்சும் வரைஞ்சு மறைக்கலாம். புள்ளி ஜாஸ்தியானா கட்டி வெடிச்சாலும் வெடிச்சிடும், சொல்லிட்டேன்."

"ஒடைஞ்சா ஒடையட்டும்."

"என்ன வரையட்டும்?"

"எங்கம்மா வீட்டு வாசல்ல முருங்கை மரம் இருக்கு. அது போதும்."

அந்த வாரம் துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், பக்கத்து வீட்டு முருங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதன் இலை லேசருக்கென்றே செய்தது போல் இருந்தது. சின்னச் சின்னதாக, வட்டமாக, காற்றடித்தால் மொத்த மரமும் புள்ளிகளாகக் கலையும். முதலில் மூலை உடைந்த ஒரு கட்டியில் சோதித்தேன். இலைகளை நெருக்கி வைத்துவிட்டேன் போலிருக்கிறது, பாதியில் 'டக்'கென்ற சத்தத்தோடு குறுக்கே பிளந்தது. மறுபடி வரைந்து, இலைகளை ஒரே தளத்தில் அடுக்காமல் சிலதை முன்னாலும் சிலதைச் சற்றுப் பின்னாலுமாகத் தள்ளினேன்.

கணவர் மதியம் தூங்கும் நேரமாகப் பார்த்து அவள் கட்டியை மெஷினில் ஏற்றினேன். உள்ளே பச்சை ஒளி துடித்துத் துடித்து அடங்கியது. மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று நின்றேன். வரவில்லை. எடுத்துப் பார்த்தபோது அவள் ஒரு முருங்கை மரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாங்க வந்தவள் கட்டியை மெல்லத் திருப்பினாள். பக்கவாட்டில் பார்த்தபோது அவள் கை நின்றது.

"இப்பிடிப் பாத்தா கண்ணு தெரியுது அவருக்கு."

"அதை ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"நேரா பாத்தா தெரியல. நான் நேராவே வெச்சிக்கிறேன்" என்று பெட்டியை மூடினாள்.

அவள் படியிறங்கும்போது கணவர் மாடியிலிருந்து வந்துவிட்டார். கேட்டார், மறைக்காமல் சொன்னேன்.

"கல்யாணத்துக்குன்னு நம்மகிட்ட வர்றாங்க. இது வெளிய தெரிஞ்சா கடையைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"அந்தப் பொண்ணும் கல்யாணத்துக்கு நம்மகிட்டதான மாமா வந்திச்சி?"

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்லிருப்பீங்க."

அந்தச் சூட்டோடு, மூலை உடைந்த கட்டிகளை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் உடைந்த கட்டிகள் போட்டுவைக்கும் அட்டைப்பெட்டி என் மேசைக்கடியில் இருந்தது.

அதன்பிறகு வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் எனக்காக வரைந்தேன். ஆளில்லாத முருங்கை. மழையில் நனையும் மின்கம்பி. மொட்டை மாடிக் கொடியில் காற்றில் உப்பிய புடவை. அவற்றை மொபைலில் ஸ்டேட்டஸாக வைத்ததைப் பார்த்து, என்னோடு படித்த தோழி சிதம்பரத்தில் நடத்தவிருந்த கூட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொன்னாள். கட்டிகளைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கணவரே பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்.

ஒரு சின்ன மண்டபத்தில், கறுப்புத் துணி விரித்த மேசையில், என் கட்டிகளுக்குக் கீழே விளக்கெரிந்தது. மகளோடு வந்த ஓர் அம்மாள் முருங்கையைக் குனிந்து பார்த்து, "இதுல யார் படம்மா?" என்று கேட்டார். யாருமில்லை, மரம்தான் என்றேன். "மரம் மட்டுமா!" என்று மறுபடியும் குனிந்தார். அவரோடு இன்னும் பேச வேண்டும் போலிருந்தது. அதற்குள் போன் அடித்தது.

"ஒரு ஜோடி போட்டோ அவசரமாம். பைலு நீ ரெடி பண்ணி வெச்சதுதான். நானே ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றார் கணவர்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு மறுபடி போன்.

"மாப்பிள்ளை இருக்கிற பக்கம் பொண்ணு வந்துடிச்சி. மாப்பிள்ளை பனியன்ல நடராஜா டெக்ஸ்னு இருக்கிற எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கிற மாதிரி திரும்பிக் கெடக்குது. பார்ட்டி கடையிலயே உக்காந்திருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மறுபடி போட்டுத்தர நானே கிளம்பி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அது போய்விட்டது. கண்காட்சி அப்போதுதான் நிரம்பத் தொடங்கியிருந்தது. ஆலப்பாக்கம் வரும்வரை சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வந்ததும் புதுக் கட்டியை ஏற்றினேன். கணவர் பின்னாலேயே வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் மெஷின் ஓடும்போது அவர் அந்த அறைக்குள் நின்றதில்லை.

"எப்பிடித் திருப்புன அதை? மறுபடி காட்டு" என்றார்.

காட்டினேன். இப்போது பெயர்களும் கேடயங்களும் அவரே செய்கிறார். முகங்கள் மட்டும் இன்னும் என்னிடம்தான் வருகின்றன. முகூர்த்த மாதங்களில் சிதம்பரம் பக்கம் தலைகாட்ட முடிவதில்லை. ஆடியில் போய்வருகிறேன்.