ஜோஸ்லினின் சிவப்பு விளக்கு

என் தங்கை ஜோஸ்லின் பிடித்தால் பிடித்த பிடிதான். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காக ஒரு சோதனைப் பட்டையோடு மல்லுக்கட்டினாள். நகத்தளவு பட்டை. அதில் இரண்டு தங்கக் கம்பிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளை நிறுத்தி, அவற்றின் வழியாக மின்சாரம் ஓடவிடுவாளாம். ஃபார்மலின் வந்து ஒட்டினால் ஓட்டம் மாறிச் சிவப்பு விளக்கு எரியும். சுத்தமான மீன் என்றால் பச்சை.

எல்லாம் அம்மாவுக்காக. பிணத்துக்குப் போடும் அந்த ஃபார்மலின் மருந்தை மீனுக்கும் போடுகிறார்கள் என்று எந்தப் பாவியோ போனில் பரப்பிவிட்டான். ராமநாதபுரம் சந்தையில் அம்மாவின் வியாபாரம் படுத்துவிட்டது. ஹோட்டல் நடத்தும் பாக்கர் பாய்கூட வாங்குவதை நிறுத்திவிட்டார். “எல்லார் முன்னாடியும் பச்சை எரியட்டும். மறுநாள்ல இருந்து அம்மாகிட்டதான் வாங்குவேன், இன்ஷா அல்லாஹ்” என்று ஜோஸ்லினிடம் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையே எங்களைச் சுற்றி நின்றது. விடியற்காலையில் வள்ளத்தில் வந்த மீன்கள், கண் பளபளவென்று இருந்தன. ஜோஸ்லின் பட்டையைப் பாறை மீனில் வைத்தாள். சிவப்பு. நகரை மீனில் வைத்தாள். அதுவும் சிவப்பு. பக்கத்துக் கடைக்காரிகள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். பாக்கர் பாய், “என்னம்மா இது!” என்றார். அவ்வளவுதான், பைக்கை நோக்கி நடந்தார்.

ஜோஸ்லின் பட்டையை வெறும் காற்றில் பிடித்தாள். அப்போதும் சிவப்பு. பட்டை வைத்திருந்த பெட்டியை முகர்ந்து பார்த்தாள்.

“சாம்பிராணி வாசம் அடிக்குதே! இத யாரும்மா எடுத்தா?”

“நாந்தேன்” என்றாள் அம்மா, பெருமையாக. “காலைப் பூசைக்குச் சர்ச்சுக்குக் கொண்டு போனேன். சாமியார் மந்திரிச்சாரு. நான் மூடியத் திறந்து புகையையும் நல்லாக் காட்டுனேன்.”

எங்கள் ஊரில் புது வள்ளமோ, புது இன்ஜினோ, மந்திரிக்காமல் கடலில் இறங்காது. மகள் செய்த மிஷினை மட்டும் விட்டுவிடுவாளா?

ஜோஸ்லின் என் காதோடு சொன்னாள். “மிஷின் பொய் சொல்லலக்கா. புகையிலயும் அந்த ஃபார்மலின் சத்து இருக்கும். பட்டை பூரா ஒட்டிக்கிருச்சு. வேற பட்டை இப்போதைக்கு இல்ல.”

 தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா?

அவள் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு பாக்கர் பாய் பின்னாலேயே ஓடினாள். “பாய், மீன்ல ஒண்ணுமில்ல! நான் செஞ்ச மிஷின்லதான் கோளாறு!”

“பெத்தவளக் காப்பாத்தப் பாக்குறா” என்றது கூட்டத்தில் ஒரு குரல். பாய் திரும்பிப் பார்க்காமல் பைக்கை எடுத்துப் போய்விட்டார்.

விற்காத கூடைகளோடு எங்கள் ஊர் பாம்பனுக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தடவினாள்.

“இங்கன மந்திரிச்சது பத்தல போலத்தா. அடுத்த தடவ ஓரியூர் பெரிய கோயிலுக்கே கொண்டு போயிருவோம்.”

நான் வாயைத் திறந்தேன். ஜோஸ்லின் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“போவோம்மா” என்றாள்.