பூவராகனின் பென்டிரைவ்

கடலூர் சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கும் பூவராகன் வீட்டில் தனியாள். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். தெருவிலேயே முதல் பட்டதாரியான மகள் வித்யா கனடாவில் இருக்கிறாள். சிதம்பரத்தில் படித்தபோது வைத்திருந்து, அவள் வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஒருநாள் விண்டோஸ் கிளம்பவே இல்லை.

கூட வேலை செய்யும் ரஃபீக், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸை ஏற்றிய பென்டிரைவ் கொடுத்தான். "மொதல்ல இதச் சொருகிப் பாரு மாமா. புடிச்சா உள்ள இருக்கற பழச எல்லாம் அழிச்சிட்டு இதையே போட்டுக்க. பறக்கும்."

சொருகியதும் திரைக்கு உயிர் வந்தது. வித்யாவின் செமஸ்டர் நோட்ஸ், ஹாஸ்டல் போட்டோக்கள் எல்லாம் உள்ளே அப்படியே இருந்தன. அழிக்கலாமா என்று மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"அதுல என்னப்பா இருக்கு? எல்லாம் குப்ப. அழிச்சிடுங்க. மீட்டிங் இருக்கு, வச்சிடுறேன்."

அவரால் அழிக்க முடியவில்லை. காப்பி எடுக்கலாம்தான், கை தவறி ஒன்று போய்விட்டால்?

இரண்டு மாதம் கழித்து ரஃபீக் கேட்டான். "என்ன மாமா, போட்டாச்சா?"

"இன்னும் பாத்துக்கிட்டுதான்டா இருக்கேன்."

"பொண்ணு பாக்கப் போனவன்கூட இவ்ளோ நாள் யோசிக்க மாட்டான்!"

பென்டிரைவில் ஓடும் லினக்ஸ், அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஷிப்டு முடிந்து வந்ததும் தினமும் வைஃபை பாஸ்வேர்டைப் புதிதாக அடித்துவிட்டு, மகளின் போட்டோக்களைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.